கும்பிடு போட்ட பூஜ்யம்

போன வகுப்பில் உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், ஒரு புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் ஏன் பூஜ்யம் தருகிறது? ஒன்று தந்தால் என்ன?" புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொல்லி உட்கார வைத்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் ஒரு பஸ் முதலாளி. அவருக்கு முழுப் பதிலும் விளங்குவதற்கு ஒரு ஆடிக் கிருத்திகை தேவைப்பட்டது. எனக்கும்தான். அதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றவளுக்குக் கதை சொல்ல நேரம் இருக்கிறது. கேட்கிற தலையெழுத்து உங்களுக்கு.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முதல் வேலை திருத்தணியில், ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். வீடு அரக்கோணம், தினமும் ரயிலில் போய் வருவேன். கம்ப்யூட்டர் என்பது மெட்ராஸில் ஏதோ ஒரு கண்ணாடி அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கிற பொருளாக இருந்த காலத்தில், திருத்தணி பஸ் ஷெட்டுக்குள் அது எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முதலாளியின் மாப்பிள்ளை இன்ஜினியர். மாமனாரிடம் ஸ்கூட்டர் கேட்காமல் கம்ப்யூட்டர் கேட்ட ஒரே மாப்பிள்ளை என்று ஷெட்டில் பேசிக்கொள்வார்கள். நல்ல மனிதர். அந்தக் கம்ப்யூட்டரை இயக்கிய யூனிக்ஸில் பாதியை எனக்குக் கற்றுத் தந்தவரே அவர்தான். அவரிடம் ஒரே ஒரு பழக்கம்: எதையும் அழகுபடுத்தாமல் விட மாட்டார்.

இயந்திரத்துக்கு வேலை ஒன்றுதான். மறுநாள் எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சாயங்காலம் கணக்குப் போட வேண்டும். அதை நான் டூட்டி சீட்டாக அச்சடித்து டைம் கீப்பரிடம் கொடுக்க வேண்டும்.

தொடக்க விழாவன்று தேங்காய் உடைத்து, கம்ப்யூட்டர் டெர்மினலுக்கு மேலே சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டார்கள். மாலை பாதித் திரையை மறைத்தது. முதலாளி, அவர் மனைவி, மகள், மாப்பிள்ளை, குருக்கள், டிரைவர்கள் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால். நான் புரோகிராமை ஓட விட்டேன். ஓடியது. முடிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"இன்னாமா, ஒண்ணியும் காணோம்?" என்றார் முதலாளி.

"முடிஞ்சிடுச்சுங்க முதலாளி."

"முடிஞ்சிச்சின்னு யாரு சொன்னது?"

யூனிக்ஸின் சுபாவம் உங்களுக்குத் தெரியும். நல்லபடியாக முடிந்தால் வாயைத் திறக்காது. நாமாகத்தான் கேட்க வேண்டும். எக்கோ, டாலர், கேள்விக்குறி என்று தட்டினேன். கடைசியாக ஓடியது எப்படி முடிந்தது என்று விசாரிக்கிற கட்டளை அது. மாலைக்குக் கீழே ஒரு பூஜ்யம் வந்து நின்றது.

குருக்கள் கற்பூரத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். முதலாளியின் மனைவி தன் மகளைப் பார்த்தார். மகள் தன் கணவரைப் பார்த்தாள்.

"இவ்ளோ துட்ட கொட்டி வாங்கினது எனுக்கு சைபர் போடறதுக்கா?" என்றார் முதலாளி.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்குத் தோன்றியது. முந்திக்கொண்டேன்.

"முதலாளி, வண்டி நல்லபடியா போயிட்டு வந்தா டிரைவரு உங்ககிட்ட வந்து என்ன சொல்வாரு?"

"இன்னாத்த சொல்வான்? சாவிய மாட்டிட்டு தூங்கப் பூடுவான்."

"ஏதாச்சும் தப்பாச்சுன்னா?"

"ஆங், அப்பதான் ஆளுக்கொரு கத சொல்வானுங்க. டயரு வெடிச்சிச்சி, என்ஜின் சூடாயிச்சி, போலீஸு புட்ச்சிகினான்..."

"அதேதாங்க. நல்லா முடியறதுக்கு ஒரே வழி. கெட்டுப்போறதுக்கு நூறு வழி. அதனால கெட்டதுக்கு நம்பர் நெறைய வேணும். நல்லதுக்கு ஒண்ணு போதும். பூஜ்யம்னா ஒரு புகாரும் இல்லன்னு அர்த்தம்."

முதலாளி மாலையை ஒதுக்கிவிட்டுப் பூஜ்யத்தைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "எங்க நைனா இருந்திருந்தா இத்த பாத்து ஆடிப்பூட்டிருப்பாரு," என்றார். குருக்கள் தட்டை மறுபடி எடுத்தார்.

அதற்கப்புறம் அந்த ஷெட்டில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வண்டி திரும்பி வந்தால் டிரைவர் "பூஜ்யம் முதலாளி" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். டயருக்கு ஒன்று, என்ஜினுக்கு இரண்டு, போலீஸுக்கு மூன்று, பயணிகளோடு சண்டைக்கு நான்கு என்று அவரே எண் போட்டுவிட்டார். ஒருமுறை கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு கண்டக்டர் போன் செய்தார்: "முதலாளி, நாலுல ஆரம்பிச்சி மூணுல நிக்குது."

தினமும் சாயங்காலம் முதலாளி என் பின்னால் வந்து நிற்பார். "நம்பரு இன்னா?" என்பார். நான் தட்டிக் காட்டுவேன். பூஜ்யத்தைப் பார்த்த பிறகு, மலை இருக்கிற திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். பூஜ்யம் வந்தால் மட்டுமே சீட்டை அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அச்சில் வந்த சீட்டை யாரும் மீறக் கூடாது என்பது அதைவிடப் பெரிய சட்டம். அதைச் சுவரில் எழுதியே மாட்டியிருந்தார்.

மாமனார் தினமும் கும்பிடுவதைப் பார்த்த மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து நான் தினமும் ஓட்டுகிற கட்டளைக் கோப்பின் கடைசியில் ஒரு சின்ன வேலையைச் சேர்த்தார். சீட்டுக் கணக்கு முடிந்ததும் திரை முழுவதும் துடைக்கப்பட்டு, சுற்றிலும் நட்சத்திரக் கோலம் போட்டு, நடுவில் "வேலும் மயிலும் துணை, வணக்கம் முதலாளி" என்று வரும். தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கில எழுத்தில்தான். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் கை தட்டினேன். உண்மையாகவே அழகாக இருந்தது.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணிக்கு அன்று எத்தனை காவடி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரக்கோணத்திலிருந்து வருகிற கூட்டத்தை ஏற்றி வர நம் முதலாளி ஸ்பெஷல் பர்மிட் வாங்கியிருந்தார். "ஒரு பக்தன் ரோட்டுல நின்னாலும் என்னைக் கேளுங்க" என்று அதிகாரிகள் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சொன்னபடி நடக்காவிட்டால் அடுத்த வருஷம் பர்மிட்டை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் அன்றைய சீட்டு முழுவதும் மாற்ற வேண்டும். திருப்பதி போகிற வண்டிகளில் பெரும்பாலானவை அரக்கோணத்துக்கு. முந்தின நாள் சாயங்காலம் எல்லா விவரத்தையும் கொடுத்து ஓட விட்டோம். கோலம் வந்தது. வணக்கம் வந்தது. முதலாளி கேட்டார், நான் தட்டினேன், பூஜ்யம் வந்தது. அச்சுக்கு அனுப்பினேன். மேலே தேதி சரியாக இருந்தது. டைம் கீப்பர் தாளை வாங்கிக்கொண்டு போனார், நான் ரயிலுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை அரக்கோணம் ஸ்டேஷன் வாசலுக்கு வந்து பார்க்கிறேன், பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் கடல். காவடியும் பம்பையும் குழந்தைகளுமாக ஜனம் நிற்கிறது. நம் கம்பெனி வண்டி வரிசையாக நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது.

"எப்பத்துல இருந்துங்க நிக்கறீங்க?" என்று ஒரு அம்மாவைக் கேட்டேன்.

"உடியறதுக்கு முன்னாலருந்து நின்னுகினு கீறோம். பஸ்ஸு உடறேன்னானாம் ஒருத்தன். அவன் மட்டும் என் கையில ஆப்டட்டும்."

நான் அவனிடம்தான் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வருகிற ரயிலில் தொற்றிக்கொண்டேன். ஒரு காவடியின் மயிலிறகு வழிநெடுக என் மூக்கில் இருந்தது. தும்மிக்கொண்டே யோசித்தேன். எண் பூஜ்யம். வண்டி ஒன்றுகூட வரவில்லை. இரண்டில் ஒன்று பொய். வண்டி வராததை என் கண்ணால் பார்த்தாயிற்று. அப்படியானால் பொய் சொன்னது எது?

ஷெட்டில் முதலாளி காவடி எடுக்கத் தயாராக நின்றார். மஞ்சள் வேட்டி, வெறும் உடம்பு, மார்பெல்லாம் ஈர விபூதி, கழுத்தில் சாமந்தி மாலை.

"முதலாளி, அரக்கோணத்துல நம்ம வண்டி ஒண்ணுகூட இல்ல."

"இன்னாமா உளர்றே? பூஜ்யம் வந்துச்சே!"

டைம் கீப்பரின் தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே கிருத்திகை நாள். கீழே முந்தின நாளின் சாதாரண சீட்டு. வண்டியெல்லாம் வழக்கம்போலத் திருப்பதி ரோட்டில்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "மிஷின ஓட்டு. புது சீட்டு எடு. சீட்டு இல்லாம எவனும் வண்டிய திருப்ப மாட்டான், நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

இந்த இடத்தில்தான் உங்கள் கவனம் வேண்டும். என் கை டெர்மினல் பக்கம் போகத் துடித்தது. எனக்குத் தெரிந்த வேலை அதுதான். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அரை மணியோ அரை நாளோ, யாருக்குத் தெரியும்? கோளாறு எங்கும் ஓடிப்போகாது. பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.

"மிஷின் அப்புறம் முதலாளி. வண்டி முதல்ல. ரயில்வே கேட்டு மூடியிருந்தா நம்ம வண்டிங்க அங்கதான் நிக்கும். இன்னிக்கு ஸ்பெஷல் ரயிலு வந்துட்டே இருக்கு."

முதலாளியின் கார் தெருமுனைவரைதான் போயிற்று. அதற்கப்பால் காவடிக் கூட்டம். இறங்கி ஓடினோம். இதை நீங்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும்: மஞ்சள் வேட்டியும் மாலையுமாக, விபூதி பூசிய கனத்த மனிதர் ஒருவர் கண்ணை உருட்டிக்கொண்டு, மலைக்கு எதிர்த்திசையில் ஓடுகிறார். ஜனம் என்ன நினைக்கும்? அருள் வந்துவிட்டது என்றே நினைத்தது. "அரோகரா!" என்று வழி விட்டது. ஒரு பம்பைக்காரர் அடித்துக்கொண்டே கூட வந்தார். பெண்கள் குடத்துத் தண்ணீரை அவர் காலில் ஊற்றினார்கள். ஒரு அம்மா குறுக்கே விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு, மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள்.

"உடும்மா, பஸ்ஸு போவுது!" என்று அலறினார் முதலாளி.

அதற்கு என்ன பொருள் கொண்டாளோ, கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

கேட் மூடியிருந்தது. நம் வண்டிகள் வரிசையாக நின்றன. கண் நிறைந்தது எனக்கு. முதல் வண்டியின் டிரைவர் மூத்தவர். ஷெட்டில் எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் நடப்பார்கள். முதலாளி இன்னும் பின்னால் பக்தர்களிடம் மாட்டியிருந்ததால் நானே போய்ச் சொன்னேன்.

"அண்ணே, வண்டிய திருப்புங்க. அரக்கோணம் போகணும்."

"சீட்டு குடும்மா, திருப்பறேன்."

"சீட்டு தப்புண்ணே."

"பூஜ்யம் வந்துச்சின்னாங்களே?"

"பூஜ்யம் பொய் சொல்லிடுச்சு."

முருகனே பொய் சொன்னார் என்று நான் சொல்லிவிட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார். "கிருத்திகை அன்னிக்கி திருப்பதி டூட்டி போட்டுகினு கீதேன்னு நானும் ரோசன பண்ணேம்மா," என்றார். "முருகனுக்கு இந்த வருசம் நம்ம வண்டி வேணாம் போலன்னு நெனச்சிக்கினேன்."

அதற்குள் பம்பையும் அரோகராவும் சூழ முதலாளி வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. எழுதக் காகிதமும் இல்லை. தன் மார்பிலிருந்த ஈர விபூதியை இரண்டு விரலால் வழித்து, பஸ்ஸின் முன் கண்ணாடியில் பெரிதாக "அரக்கோணம்" என்று எழுதினார். டிரைவர் உள்ளிருந்தபடியே அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்ஜினைக் கிளப்பினார்.

இப்போது பயணிகள் கொதித்தார்கள். திருப்பதிக்கு டிக்கெட் வாங்கினவர்கள்; அரக்கோணத்துக்குப் போவார்களா? "எனுக்கு திருப்பதி கோர்ட்ல வாய்தா கீதுய்யா!" என்று ஒருவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக் கத்தினார். முதலாளி படியில் ஏறி நின்று கையைக் கூப்பினார்.

"நைனா, இன்னிக்கி மருமவன் விசேசம். ஒரு நாளு லேட்டா வந்தா மாமா பெருமாளு கோச்சிக்க மாட்டாரு!"

"பெருமாளு கோச்சிக்க மாட்டாரு, ஜட்ஜு கோச்சிக்குவாரு!" என்றார் வாய்தாக்காரர்.

நியாயம்தான். எல்லா வண்டியிலும் இருந்த திருப்பதிப் பயணிகளை இறக்கி, கடைசி வண்டியில் ஏற்றி, அதை மட்டும் திருப்பதிக்கு விடலாம் என்றேன். நெருக்கிக்கொண்டு ஏறினார்கள், வாய்தாக்காரருக்கு என்ஜின் மேல் இடம் கிடைத்தது. கேட் மூடுவதற்கு முன்னால் போய்விட்ட வண்டிகளை என்ன செய்வது என்று முதலாளி கேட்டார். விட்டுவிடுவோம் என்றேன். முந்தின நாள் இயந்திரம் போட்டிருக்க வேண்டிய நுட்பமான கணக்கு என் தலையில் இல்லை. அதை ஞாபகப்படுத்திப் பார்க்கவும் முயலவில்லை. இருக்கிற வண்டியெல்லாம் அரக்கோணம். முடியும் வரை போய் வந்துகொண்டே இருங்கள். அவ்வளவுதான். விபூதி எழுத்தோடு வரிசையாகத் திரும்பின. தாமதம் நிறைய. திட்டு அதைவிட நிறைய. ஆனால் சாயங்காலத்துக்குள் அரக்கோணம் நிறுத்தத்தில் அந்த மாடு மட்டும்தான் மிச்சம் என்று டைம் கீப்பருக்குப் போன் வந்தது.

காவடி செலுத்திவிட்டு முதலாளி நேராக அலுவலகத்துக்கு வந்தார். "சாமிகிட்ட போறதுக்குள்ள பாதி விபூதி பஸ்ஸு கண்ணாடிக்கே பூட்ச்சி," என்றார். சிரிக்கவில்லை. மாப்பிள்ளை ஏற்கெனவே டெர்மினல் முன்னால் இருந்தார். காரணத்தை அவர்தான் கண்டுபிடித்திருந்தார். டிஸ்கில் இடம் இல்லை. எதையும் அழிக்கக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டிருந்ததால் பழைய சீட்டெல்லாம் சேர்ந்து நிரம்பிவிட்டது. புதுச் சீட்டு எழுத முடியாமல் நின்றுபோக, பழையது அப்படியே இருந்தது; அச்சாகும்போது தானாக விழுகிற தேதியோடு அதுதான் அச்சாகியிருக்கிறது.

"சரி மாப்ளே. எடம் இல்லன்னா எடம் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே? ஏன் பூஜ்யம்னுச்சி?"

மாப்பிள்ளை கட்டளைக் கோப்பின் கடைசி வரிகளைத் திரையில் கொண்டுவந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சீட்டுப் புரோகிராமை மட்டும் தனியாக ஓட்டி எண்ணைக் கேட்டேன். ஒன்று வந்தது. அழகுபடுத்திய கட்டளைக் கோப்பை முழுவதும் ஓட்டினேன். "இடம் இல்லை" என்ற வரி கண்சிமிட்டும் நேரம் தெரிந்தது. உடனே திரை துடைக்கப்பட்டு, கோலமும் வணக்கமும் வந்தன. எண்ணைக் கேட்டேன். பூஜ்யம்.

"கடைசியா ஓடினது எதுவோ அதைப் பத்திதாங்க அது பதில் சொல்லும்," என்றேன். "கடைசியா ஓடினது வணக்கம்."

முதலாளி திரையிலிருந்த வணக்கத்தை விரலால் காட்டினார். "அப்போ வேல நல்லா முடிஞ்சிச்சான்னு நான் கேட்டுகினு கீறேன். கும்புடு நல்லா போட்டேன் முதலாளின்னு அது சொல்லிகினு கீது."

"ஆமாங்க."

"இந்த மாதிரி ஆளுங்க நம்ம ஷெட்டுலயே கீறானுங்க." அவர் குரல் மாறியது. "யாரு வெச்சது அந்த கும்புட்ட?"

அவருக்குத் தெரியாமல் இல்லை. கண் கலங்கியது அவருக்குத்தானே. ஆனால் காலில் வழிநெடுகத் தண்ணீர் வாங்கி, ஊரார் முன் திட்டு வாங்கி, அதிகாரிகளிடம் கை கட்டி நின்றுவிட்டு வந்த மனிதருக்கு அந்த நேரத்தில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. வாசலில் அவர் மகள் டிபன் கேரியரோடு வந்து நின்றிருந்தாள். டைம் கீப்பரும் இரண்டு டிரைவர்களும் ஜன்னல் பக்கம். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒரே ஒரு வார்த்தை. அது என் வாயிலிருந்து வந்தால் அந்த வீட்டில் பல வருஷத்துக்கு அடுப்பு சரியாக எரியாது.

"முதலாளி, எந்த வேலையும் சாமி கும்பிட்டுட்டுதானே ஆரம்பிப்போம்?" என்றேன். "நாம மறந்துபோய் கும்பிட்ட கடைசில வெச்சிட்டோம். முதல்ல வெச்சிட்டா சரியாப் போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். நீளமாக மூச்சு விட்டார்.

"அதானே பாத்தேன்," என்றார். "மாப்ளே, நம்ம வழக்கம் அதுதான். கும்புட்ட முன்னால போடுங்க."

மாப்பிள்ளை அந்த வரிகளை மேலே தூக்கி வைத்தார். ஓட்டினார். முதலில் கோலம், வணக்கம். அதன் கீழே, அழியாமல், இடம் இல்லை என்ற வரி. எண்ணைக் கேட்டார். ஒன்று. நாற்காலியை விட்டு எழுந்து, "ஒண்ணு! ஒண்ணு வந்துடுச்சு மாமா!" என்று குதித்தார். தோல்வியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட இன்ஜினியரை நான் அப்புறம் பார்த்ததில்லை. பழைய சீட்டுகளை அழிக்க முதலாளியிடம் அனுமதி வாங்கினோம். அழித்தோம். திரும்ப ஓட்டினோம். பூஜ்யம் வந்தது. இந்த முறை அச்சடித்த தாளை நாங்கள் மூன்று பேரும் வரிவரியாகப் படித்த பிறகுதான் டைம் கீப்பரிடம் கொடுத்தோம்.

எல்லாரும் போன பிறகு மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "'வெச்சிட்டோம்'னு சொன்னீங்க. நீங்க எப்ப வெச்சீங்க? நான்தானே வெச்சேன்."

"நான் கை தட்டினேனே சார்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். இனிமேல் எதை மாற்றினாலும் முதலில் என்னிடம் காட்டிவிட்டுத்தான் செய்வேன் என்று வாக்குக் கொடுத்தார். கொஞ்ச நாள் காட்டவும் செய்தார். பிறகு, அந்த டெர்மினலை மணி அடிக்க வைக்க முடியும் என்பதைக் கண்டுபிடித்தார்.